நிழல் ஊசி

வடக்களத்தில் மட்டும் ஏன் யாரும் விழவில்லை என்பது தமயந்திக்குப் பிடிபடவில்லை.

தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய அத்தனை உப்பளங்களிலும் அதே ஊசிதான், அதே அளவுதான், வெயிலும் அதே வெயில்தான். மாசி பிறந்ததிலிருந்து மற்ற அளங்களில் ஆட்கள் விழுந்துகொண்டேயிருந்தார்கள். தலையில் உப்புக் கூடையோடு பேசிச் சிரித்துக்கொண்டு போகிறவள், பேச்சின் நடுவில் அப்படியே சாய்வாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கும். பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பிழைக்கவில்லை. வடக்களத்தில் ஒருத்திக்குத் தலைசுற்றல்கூட வந்ததாகத் தகவல் இல்லை.

அந்த ஊசியைச் செய்தவள் தமயந்தி. சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலுக்காக அவள் தொடங்கிய வேலை அது. பங்குனியில் நாற்பத்தாறு டிகிரி என்பது செய்தியாகவே இல்லாமல் போன காலத்தில் மருந்து கடைக்கு வந்தது. உப்பளத்துப் பெண்களுக்கு வருடம் முழுக்கப் பாதம் எரியும் என்பதால் அளக்காரர்களே மொத்தமாக வாங்கிப் போட்டார்கள். எரிச்சல் நின்றது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஊசி போட்டவர்களுக்கு வெயில் உறைக்கவில்லை. உச்சிவேளையில் யாரும் கொட்டகைக்கு ஒதுங்கவில்லை. அளக்காரர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. பெண்கள் அதற்கு 'நிழல் ஊசி' என்று பேர் வைத்தார்கள்.

இப்போது ஆட்சியர் தமயந்தியையும் சேர்த்து ஒரு குழு போட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் விழாமலிருக்க ஒரு வழி சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஊசிக்குத் தடை. அதில் தமயந்திக்கு வருத்தம் ஒன்றும் இருந்திருக்காது. ஒன்பது வருட வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பாள், சீனியம்மாளைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

சீனியம்மாள் கடைசியாக விழுந்தவள். அரசு மருத்துவமனையில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் பைகளோடு கிடந்தாள். அவளோடு ஜோடி போட்டு வேலை செய்யும் மாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். தமயந்தியை அழைத்து வந்தவன் மருத்துவ அலுவலர் இசக்கிராஜா. கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருடம் இளையவன். அந்தப் பழக்கத்தில் இன்னும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான்.

"நீங்கதான் ஊசி செஞ்ச அம்மாவா?" என்றாள் சீனியம்மாள்.

"ஆமாம்மா."

"அதுக்குள்ள என்ன இருக்கு? எங்க கங்காணி ஐஸ் தண்ணின்னு சொல்லுதாரு."

"ஐஸ் தண்ணி இல்ல. அது ஒரு புரதம். நோய்க்கிருமி வந்தா அதப் போய்க் கவ்விப் பிடிக்க நம்ம ரத்தத்துல ஒரு புரதம் இருக்கும்ல, அந்த மாதிரி. ஒட்டகத்து ரத்தத்துல அது ரொம்பச் சின்னதா இருக்கும். அதப் பாத்துப் படிச்சு நாங்க செஞ்சது."

"ஒட்டகமா?" மாடத்தி விசிறியை நிறுத்தினாள். "அதான் இவ மத்தியானம் வரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்காம நடந்திருக்கா!"

இசக்கிராஜா சிரித்துவிட்டான். சீனியம்மாளும் சிரித்தாள். தமயந்திக்கும் களைப்பு கொஞ்சம் விலகியது. இது எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் போதும், அவளுக்கு உட்கார இடம்கூட வேண்டாம்.

"தோலுக்குக் கீழ நரம்போட நுனி இருக்குல்ல, அதச் சுத்தி ஒரு சவ்வு. மெல்லிசான எண்ணெய்ப் படலம்னு வச்சுக்கோங்க. அந்தச் சவ்வுல சின்னச் சின்னக் கதவு பதிஞ்சிருக்கு. ஏற்பின்னு சொல்லுவோம். சூடு பட்டா கதவு திறக்கும். திறந்தா மணி அடிச்ச மாதிரி மூளைக்குச் சேதி போகும். எரியுது, எந்திரி, நிழலுக்குப் போன்னு. எங்க மருந்து நரம்புக்குள்ள போகாது. வெளியில இருந்தே கதவு மேல போய் உக்காந்துக்கும். கதவு திறக்காது. இதச் செய்ய ஒன்பது வருஷம் ஆச்சு."

"இதுக்கா ஒம்போது வருசம்?" என்றாள் மாடத்தி.

"கதவு எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தான அதுக்குப் பொருத்தமா ஒண்ணு செய்ய முடியும்? அதத் தனியாப் பிடுங்கி எடுத்தா உருமாறிப்போயிடும். கரையில ஒதுங்குன சொறிமுட்டை பாத்திருப்பீங்களே. கடலுக்குள்ள குடை மாதிரி விரிஞ்சிருக்கும், மணல்ல கிடந்தா வெறும் கூழு. அந்த மாதிரி. சவ்வோட சேத்து வெட்டி எடுத்து, அதத் தண்ணியில மிதக்கவிட்டு, அப்புறம் ஒவ்வொரு புரதமா விட்டுப் பாத்தோம். கதவு கதவாவே இருக்கணும்ல. அதுக்கே ஆறு வருசம் போச்சு."

சீனியம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஊசி போட்டா சூடு உடம்புக்குள்ள வராதா?"

"சூடு வரும்மா. சேதிதான் வராது."

மாடத்தி மறுபடி விசிற ஆரம்பித்தாள்.

"இதெல்லாம் எதுக்குக் கேட்டேன்னா," என்றாள் சீனியம்மாள், "நீங்க ஊசிய நிறுத்தப் போறீகன்னு பேசிக்கிடுதாவ. நிறுத்திராதீக தாயி. உப்புத்தண்ணி கால அறுத்துரும். வீட்டுக்கு வந்தா தீயில நிக்கிற மாதிரி இருக்கும். தண்ணி வாளியில கால விட்டுக்கிட்டு உக்காந்தே தூங்குவோம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். ஊசி போட்ட அன்னைக்குத்தான் கால நீட்டிப் படுத்தேன்."

"நீங்க செத்துப்போயிருப்பீங்கம்மா."

"சரி, அதுக்கும் ஒரு வழி பாருங்க. படிச்சவுகதான?"

வெளியே வந்ததும் இசக்கிராஜா, "ரெண்டும் வேணுங்காவ," என்றான்.

"தப்பா?"

"தப்பில்லக்கா. இருக்கான்னுதான் கேக்கேன்."

ஊசியை நிறுத்தினால் எரிச்சல் திரும்பும். தொடர்ந்தால் யாராவது விழுவாள். நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பதற்குத் தமயந்தியிடம் இருந்த ஒரே சாட்சி வடக்களம்.

முதலில் அவள் நினைத்தது, அங்கே மருந்து கெட்டுப்போயிருக்கும் என்பது. இந்த வகைப் புரதம் குளிர் தவறினால் முட்டை வெள்ளைக்கரு வேகிறதுபோலத் திரண்டுவிடும். வடக்களம் தள்ளியிருந்தது, வண்டி போக நேரமாகும், பெட்டியில் ஐஸ் கரைந்திருக்கும். ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் ரத்தத்தை எடுத்துவரச் சொன்னாள். மருந்து முழுசாக இருந்தது. வெந்நீர்ச் சோதனையும் வைத்தார்கள்; கை பொறுக்காத சூட்டில் அந்தப் பெண்கள் விரலை விட்டுக்கொண்டு, "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார்களாம்.

தண்ணீர் வேறா? ஒரே குழாய்த் தண்ணீர். காற்று வேறா? அரை மைல் தள்ளியிருந்த அளத்தில் சித்திரை பிறப்பதற்குள் நான்கு பேர் விழுந்திருந்தார்கள்.

அளவைக் குறைத்தால்? அதை அவள் பல வருடம் முன்பே பார்த்து முடித்திருந்தாள். ஒரு நரம்பு நுனியில் ஆயிரக்கணக்கான கதவுகள். பாதியை அடைத்தாலும் மீதிப் பாதி அடிக்கிற மணியே போதும், எரிச்சல் குறையாமல் இருக்கும். ஏறக்குறைய எல்லாவற்றையும் அடைத்தால்தான் தூக்கம் வரும். அடைத்துவிட்டால் ஒன்றுமே தெரியாது. இடையில் நிற்க இடமில்லை.

சென்னை ஆய்வகத்தில் அவளோடு வேலை செய்யும் ஹரிஹரனுக்குப் போன் செய்தாள்.

"உடம்புச் சூடு முப்பத்தொன்பதைத் தாண்டினா பிடிய விட்டுடுற மாதிரி மாத்தலாம்," என்றான் அவன் உற்சாகமாக. "கதவைப் பிடிக்கிற நுனியில ரெண்டு மூணு இடத்தத் தளர்த்தினாப் போதும். சூடு ஏறினா கழண்டுக்கும். மணி அடிக்க ஆரம்பிச்சிடும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"எலி, அப்புறம் குரங்கு, அப்புறம் மனுஷங்க... அஞ்சு வருஷம். எல்லாம் நல்லபடியாப் போனா."

"எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம் ஹரி."

"அப்ப தூங்குங்க மேடம்," என்றான். கேலியாகச் சொல்லவில்லை.

அவள் தூங்கவில்லை. மறுநாள் முற்பகலில் இசக்கிராஜாவின் ஜீப்பில் வடக்களத்துக்குப் போனாள்.

பார்ப்பதற்கு எல்லா அளங்களும் போலத்தான் இருந்தது. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பாத்திகள், நடுவே நடக்கும் வரப்புகள், ஓரத்தில் ஓர் ஓலைக் கொட்டகை. பெண்கள் இரண்டிரண்டு பேராக வேலை செய்தார்கள். ஒருத்தி உப்பை வாரிக் கூடையில் நிரப்புவாள். நிரம்பிய கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. இருவரும் சேர்ந்து பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அடுத்தவள் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டிவிட்டு வருவாள். எல்லா அளத்திலும் இதே முறைதான்.

கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி வேலை செய்துகொண்டிருந்தது. சுமப்பவள் பேர் ஆவுடைத்தங்கம், மஞ்சள் பூசிய முகம், நீலப்புடவை. நிரப்புகிறவள் வெள்ளைப்புடவை கட்டியிருந்தாள். காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. அவள் பேர் நவமணி என்று பிறகு தெரிந்தது. இசக்கிராஜா குடையை விரிப்பதற்குள் நவமணி கையிலிருந்த உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டாள்.

"போதும்ட்டி. மண்ட கொதிக்கி. நா போய் உக்காரப் போறேன்."

"இப்பத்தான உக்காந்த?" என்று சத்தம் போட்டாள் ஆவுடைத்தங்கம். "ஒனக்கு ஒரு சாக்கு வேணும். நானும் மனுசிதான், எனக்கு ஒண்ணும் செய்யலயே?"

"செய்யலன்னா நீ பாரு. யாரு வேண்டான்னா?"

"பாரு பாருன்னா? கூடைய எவ தூக்கிவிடுவா? ஒன் கர்த்தரு வந்து தூக்கிவிடுவாரா?"

"வரத்தான் நெனப்பாரு. ஒன் வாயக் கேட்டா பாதி வழியில திரும்பிருவாரு."

ஆவுடைத்தங்கம் வெறுங்கூடையை வரப்பில் எறிந்துவிட்டு, முனகிக்கொண்டே பின்னால் போய்க் கொட்டகையில் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்? சற்றுத் தள்ளி இன்னொரு வெள்ளைப்புடவை நிழலுக்கு நடந்தது. அதன் பின்னாலும் ஒரு முனகல் வந்தது.

தமயந்தி ஆவுடைத்தங்கத்தின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சுட்டது. இசக்கிராஜா வெப்பமானியை வைத்தான். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இன்னும் பத்துக் கூடை சுமந்திருந்தால் இவளும் மருத்துவமனையில்தான் கிடந்திருப்பாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியலயா?" என்றாள் தமயந்தி.

"என்ன தெரியணும்? நல்லாத்தான் இருக்கேன். இவதான் சோம்பேறி."

நவமணி தண்ணீரை மொண்டு முதலில் அவளிடம் நீட்டினாள். ஆவுடைத்தங்கம் திட்டிக்கொண்டே வாங்கிக் குடித்தாள்.

"நீங்க ஊசி போடலயாம்மா?" என்று தமயந்தி நவமணியிடம் கேட்டாள்.

"எங்க சபையில மருந்து தொட மாட்டோம். ஊசி, மாத்திர, ஒண்ணும் கெடையாது. ஜெபந்தான்."

"பல்லு வலிச்சாலுமா?" என்றான் இசக்கிராஜா.

"பல்லு வலிச்சாலுந்தான்."

"அப்ப எங்க பொழப்பு?"

"ஒங்களுக்குந்தான் ஜெபிக்கோம்," என்றாள் நவமணி. ஆவுடைத்தங்கம் அடக்க முடியாமல் சிரித்தாள்.

"காலு எரியாதா?" என்றாள் தமயந்தி.

"எரியத்தான் செய்யுது."

வடக்களத்தைச் சுற்றியிருந்த குடியிருப்புகளில் பாதிப் பேர் அந்தச் சபைக்காரர்கள். அளத்தில் ஜோடிக்கு ஒருத்தியாவது அவர்களில் இருந்தாள். மற்ற அளங்களில் அவர்கள் இல்லை. அங்கே எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். இத்தனை நாளும் குழு பார்த்தது ஊசி போட்டவர்களை மட்டும். அவர்கள் ரத்தம், அவர்கள் தோல், அவர்கள் குடித்த தண்ணீர். மருந்தைச் சோதிக்கும்போது மருந்து தொடாதவளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவள் பாட்டுக்குச் சூடு தாங்காமல் எழுந்துபோய் உட்கார்ந்தாள். தூக்கிவிட ஆளில்லாமல் மற்றவளும் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

தமயந்தி அதை நவமணியிடம் சொன்னாள், கதவு, மணி, சேதி எல்லாவற்றையும் சேர்த்து. "நீங்க உக்காருறதாலதாம்மா இவங்க உயிரோட இருக்காங்க."

நவமணி சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அவள் முகம் இறுகியது.

"நா எனக்குத் தாங்காம உக்காந்தேன். இவளுக்குக் காவலுக்கு இல்ல. இதக் கேட்டதும் அளக்காரவுக என்ன செய்வாவன்னு எனக்குத் தெரியும். எங்க ஆளுகள அளத்துக்கு அளம் பிரிச்சு, ஜோடிக்கு ஒருத்தியாப் போடுவாவ. வேகுறதுக்குன்னு ஒரு கூட்டம், வேலைக்குன்னு ஒரு கூட்டம். அப்படித்தான?"

ஆவுடைத்தங்கம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவள எங்கயும் அனுப்பப் பிடாது," என்றாள் கடைசியில். "எனக்கு வேற எவ தூக்கிவிடுவா?"

திரும்பும் வழியில் ஜீப்பில் தமயந்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று இசக்கிராஜா ரேடியோவை அணைத்தான்.

"ஒரு உடம்புல பாதிக் கதவ அடைக்க முடியாது," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "அடைச்சாலும் அடைக்காத மாதிரிதான். அதுல ஒன்பது வருஷமா முட்டிக்கிட்டு இருந்தேன். ஆனா அவங்க ஒரு ஆளா வேலை செய்யல இசக்கி. ரெண்டு பேரும் சேந்துதான் ஒரு உடம்பு. அதுல பாதிய அடைக்கலாம்."

"மீதிப் பாதி எரியும்லக்கா?"

"எரியும்."

தங்கியிருந்த அறைக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்கு விடச் சொன்னாள். சீனியம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மாடத்தி ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். தமயந்தி சுற்றி வளைக்கவில்லை. ஜோடியில் ஒருத்திக்குத்தான் ஊசி. அதன் வேகம் மூன்று மாதம் இருக்கும்; முன்பு போட்டது இன்னும் சில நாளில் தீர்ந்துவிடும். பிறகு ஆள் மாற வேண்டும். மூன்று மாதம் தூக்கம், மூன்று மாதம் எரிச்சல். சம்மதமா?

சீனியம்மாள் கஞ்சியைக் கீழே வைத்தாள். "நீங்க நல்லதாச் சொல்லுவியன்னு பாத்தேன்."

"இவ்வளவுதாம்மா இப்ப என்கிட்ட இருக்கு."

"அப்ப மொதல்ல யாருக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பக்கத்துப் படுக்கையில் யாரோ இருமினார்கள்.

"இவளே போடட்டும்," என்றாள் மாடத்தி. "விழுந்து எந்திரிச்சவ தூங்கட்டும். நா மொதல்ல எரியுதேன். ஆனா ஒண்ணு, நா உக்காருன்னா உக்காரணும்ட்டி. ராணி மாதிரி நடந்துக்கிட்டே இருக்கப் பிடாது."

"உக்காருதேன்."

"கங்காணி வைவாரு."

"வைய்யட்டும்."

வெள்ளிக்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. தமயந்தி தான் கண்டதை நின்றுகொண்டே சொன்னாள். அளக்காரர்கள் தரப்பில் வந்திருந்த விஸ்வம் கவனமாகக் கேட்டார். நல்ல மனிதர், குறுக்கே பேசவில்லை. அவள் முடித்ததும் முகம் மலர்ந்தது.

"இது ரொம்பச் சுலபம் மேடம். அந்தச் சபைப் பொண்ணுங்க எப்படியும் ஊசி போடப்போறதில்ல. அவங்களையே எல்லா அளத்துக்கும் பிரிச்சு, ஜோடிக்கு ஒருத்தரா விட்டுடலாம். வண்டி நாங்க அனுப்புறோம். யாருக்கும் நஷ்டமில்ல."

"அவங்களுக்கு?"

"அவங்க நம்பிக்கை, அவங்க போடல. நாம தடுக்கலையே?"

"அவங்க யாருக்காகவும் எரியலன்னு சொன்னாங்க," என்றாள் தமயந்தி. "போட வேண்டாம்னு அவங்களா முடிவு பண்ணினது வேற. அவங்க போடாம இருக்கிறத வச்சு நாம வேலை வாங்குறது வேற. அவங்க விருப்பப்பட்ட இடத்துல, விருப்பப்பட்ட ஜோடியோட இருக்கட்டும். மத்தவங்க எல்லாரும் முறை மாத்தித்தான் ஆகணும்."

ஆட்சியர் கண்ணாடியைக் கழற்றினார். களைத்த பெண்மணி, அன்று அவருக்கு அது ஐந்தாவது கூட்டம். "அப்படின்னா எந்த நேரத்துலயும் பாதிப் பேருக்குக் கால் எரிஞ்சிக்கிட்டேதான் இருக்கும். இத ஒரு தீர்வுன்னு நான் மேல எழுதி அனுப்பணும்."

"ஆமாம் மேடம். எங்க ஆய்வகத்துல மருந்தோட புது வடிவம் செய்ய இன்னும் அஞ்சு வருஷம் ஆகும். அது வர்ற வரைக்கும் யாரும் விழாம இருக்க இது போதும்."

"கங்காணிங்க ஒத்துக்குவாங்களா? ஒருத்தி உக்காந்தா ரெண்டு பேர் வேலை நிக்கும்."

விஸ்வம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையும் விதியிலேயே எழுதணும்," என்றாள் தமயந்தி.

ஆட்சியர் பேனாவை எடுத்தார். "சொல்லுங்க. எளிமையா சொல்லுங்க, கங்காணிக்கும் புரியணும்."

தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: ஒரு ஜோடியில் ஒருவருக்கு மட்டும் ஊசி. மூன்று மாதம் கழித்து மற்றவருக்கு. ஊசி போடாதவர் எப்போது உட்கார்ந்தாலும் இருவரும் உட்கார வேண்டும். உட்கார்ந்த நேரத்துக்கு இருவருக்கும் கூலி உண்டு.